நீ-ஓலசுண்ட்: கடைக்கு முழுப் புள்ளி, படகுக்கு அரைவாசி

முதலில் படகுக்காரர் மேலுள்ள கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். பிறகு ஊரைப் பற்றி ஆறுதலாகக் கதைக்கலாம்.

2023 ஜூலையில் நானும் மகளும் நோர்வேயின் வடகோடித் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டுக்குப் போயிருந்தோம். அதன் பெரிய ஊரான லொங்யார்பியனில் இருந்து, விஞ்ஞானிகள் தங்கி ஆராய்ச்சி செய்கிற நீ-ஓலசுண்ட் என்ற சின்ன ஊருக்கு ஒரு நாள் படகுப் பயணம், ஆளுக்கு மூவாயிரம் குரோனருக்குச் சற்று மேலே. கம்பனியின் பெயரை எழுதவில்லை. "கரையில் இரண்டு மணித்தியாலம்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். கிடைத்தது ஒரு மணி இருபது நிமிடம். மிச்ச நாற்பது நிமிடத்தை வால்ரஸ்கள் விழுங்கிவிட்டன. போகிற வழியில் பூலெபிந்தன் என்ற மணல்முனையில் அவை கும்பலாகப் படுத்திருக்கும். படகை நிறுத்திப் பார்த்தோம். ஒன்று கையைத் தூக்கி விலாவைச் சொறிந்தது. நாற்பது நிமிடத்தில் நடந்தது அவ்வளவுதான். நாற்றம் வேறு. 1988இல் நோர்வேக்கு வந்து வடக்கே பின்மார்க்கில் மீன் பக்டரியில் வேலை செய்தவன் நான், எனக்கே மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது.

மத்தியானச் சாப்பாடு கொதிதண்ணீர் ஊற்றிக் கிளறுகிற பைக்கற். சூடாக இருந்தது, அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. படகோட்டியைக் குறை சொல்ல மாட்டேன். இஸ்பியோர்டன் என்ற நீண்ட குடாவின் வாயில் 'செத்தவன் முனை' என்று பொருள்படும் பெயரோடு ஒரு முனை இருக்கிறது. சும்மா வைத்த பெயரில்லை. காலைச் சாப்பாட்டை அந்த இடத்திலேயே கடலுக்குக் கொடுத்தேன். அதைத் தாண்டி உள்வாய்க்காலுக்குள் புகுந்ததும், மேற்கே நீண்டு கிடக்கும் தீவு அலையை மறித்துவிட, கடல் குளம்போல ஆகிவிட்டது.

படகுக்காரர் செய்த பெரிய பிழை வேறு. நீ-ஓலசுண்டில் கைத்தொலைபேசி, வைஃபை, புளூடூத் ஒன்றும் கூடாது. ஊரைச் சுற்றி இருபது கிலோமீற்றருக்கு அலை எழுப்பும் சாதனங்களை அணைத்துவைக்க வேண்டும். இதை ரிக்கற் வாங்கும்போதே சொல்லியிருக்கலாம். இவர்களோ ஊர் இருக்கிற கொங்ஸ்பியோர்டன் குடாவுக்குள் நுழையப்போகும் நேரத்தில், கோப்பி ஊற்றிக்கொண்டே, "எல்லோரும் ஃபிளைட் மோட் போட்டுவிடுங்கள்" என்றார்கள். எனக்கு இரண்டு காதிலும் கேட்கும் கருவி, பக்டரி இயந்திரச் சத்தம் தந்த சீதனம். அது புளூடூத்தில் ஓடுவது. அதை எப்படி அணைப்பது? மகள் தொலைபேசியில் தேடினாள், அதில் அதற்கொரு வழி இல்லை. கடைசியில் பற்றரி மூடியைத் திறந்து, சின்னப் பொத்தானை அழுத்திக்கொண்டே மூட வேண்டும் என்று கண்டுபிடித்தோம். குலுங்கும் படகில், விறைத்த விரலால், அரிசிமணி அளவுப் பொத்தான். முதல் தரம் பற்றரி மேசைக்குக் கீழே உருண்டது. வழிகாட்டிப் பெடியன் முழங்காலில் நின்று தேடி எடுத்துத் தந்தான். அவனுக்கு என் நன்றி. கம்பனிக்கு இல்லை.

சரி, இப்போது ஊர்.

நோர்வேஜிய மொழியில் 'நீ' என்றால் புதிய. ஓலசுண்ட் என்ற நோர்வேத் துறைமுக நகரத்தின் பெயரில் புதிய ஓலசுண்ட். தமிழ்க் காதுக்கு என்னவோ ஊரே ஒருமையில் அதட்டுவதுபோலத்தான் கேட்கும். வட அட்சரேகை 79 பாகைக்கு மயிரிழை தெற்கே இருக்கிறது. குளிர்காலத்தில் முப்பது, முப்பத்தைந்து பேர், கோடையில் நூறைத் தாண்டும். ஒருவருக்கும் சொந்த வீடில்லை. கட்டடம், துறை, மின்சாரம், சாப்பாட்டு மண்டபம், கடை எல்லாம் கிங்ஸ் பே என்ற அரசாங்கக் கம்பனியின் பொறுப்பில். 1916இல் நிலக்கரி தோண்டுவதற்காகத் தொடங்கிய கம்பனி அது.

கரையிறங்கியதும் அந்தக் காலத்து நிலக்கரி ரயில் எஞ்சின் ஒன்று பெட்டிகளோடு நிற்கிறது. எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்தார்கள், நானும்தான். ஆனால் அந்த நிலக்கரியின் கதை வேறு. 1962 நவம்பர் 5ஆம் திகதி சுரங்கத்தில் வெடிப்பு, 21 பேர் இறந்தார்கள். சிலரின் உடல்களை வெளியே எடுக்கவே இல்லை. அடுத்த வருடம் பிரதமர் கெர்ஹார்ட்சனின் அரசாங்கமே அதனால் கவிழ்ந்தது, சுரங்கமும் மூடப்பட்டது. எங்கோ வடமுனையில் நடந்த விபத்தால் ஒஸ்லோவில் அரசாங்கம் விழுந்ததா என்று குடியுரிமைக்குப் படித்த காலத்தில் நம்ப முடியாமல் இருந்தது. கம்பனி அரசாங்கத்தினுடையது, பாதுகாப்பை யார் கவனித்தார்கள் என்று பாராளுமன்றம் கேட்டது, அவ்வளவுதான் விஷயம். சுரங்கம் போனபிறகு விஞ்ஞானிகள் வந்தார்கள். 1968 முதல் நோர்வேத் துருவ நிறுவனத்துக்கு இங்கே நிலையம். இப்போது ஜேர்மனி, பிரான்ஸ், பிரித்தானியா, இத்தாலி, நெதர்லாந்து, ஜப்பான், கொரியா, சீனா, இந்தியா எல்லாம் அயல்வீட்டுக்காரர். சீன நிலையத்தின் வாசலில் இரண்டு கற்சிங்கங்கள் உட்கார்ந்திருந்தன. மரவீடுகளுக்கு நடுவே அவை பொருந்தவே இல்லை, ஆனால் வழி தவறினால் அடையாளத்துக்கு நல்லவை.

கைத்தொலைபேசியை ஏன் அணைக்க வேண்டும் என்பதை மகள்தான் விளங்கப்படுத்தினாள். அவள் நில அளவைத் துறையில் படிக்கிறாள், இந்தப் பயணமே அவளது பிடிவாதம். ஊருக்கு வெளியே நோர்வே நில அளவைத் திணைக்களத்தின் பெரிய கிண்ண அன்ரனாக்கள் நிற்கின்றன. கோடிக்கணக்கான ஒளியாண்டு தூரத்தில் இருக்கும் குவேசார்கள் என்ற பிரகாசமான விண்பொருட்களின் றேடியோ அலையை அவை கேட்கின்றன. அதே அலையை உலகின் வேறு மூலைகளில் உள்ள அன்ரனாக்களும் கேட்கும். எது எப்போது கேட்டது என்ற துளி வித்தியாசத்தைக் கொண்டு பூமி எப்படிச் சுழல்கிறது, கண்டங்கள் எவ்வளவு நகர்கின்றன என்பதை மில்லிமீற்றர் கணக்கில் சொல்லிவிடுவார்களாம். நாங்கள் காரில் வழி கேட்கிற ஜிபிஎஸ்கூடக் கடைசியில் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. "அப்பா, அவ்வளவு தூரத்தில் இருந்து வருவது மெல்லிய முணுமுணுப்பு. உங்கட காதுக் கருவி அதற்குப் பக்கத்தில் நின்று கோயில் லவுட்ஸ்பீக்கர் போடுவது மாதிரி." இதை மட்டும் படகில் யாராவது சொல்லியிருந்தால் ஒருவரும் முணுமுணுத்திருக்க மாட்டார்கள். எங்களோடு வந்த ஒருவர் கைமணிக்கூட்டை அணைக்க மாட்டேன் என்று கடைசிவரை வாதாடினார்.

அலை இல்லாத ஊரின் சத்தத்தைச் சொல்ல வேண்டும். மனிதர் ஒருவரையொருவர் பார்த்து நடக்கிறார்கள். சைக்கிளில் போன ஒரு பெண், நின்று, இன்னொருவரிடம் சாப்பாட்டு நேரத்துக்குள் ஒரு பெட்டியைக் கொண்டுவரச் சொன்னாள். மற்ற ஊரில் அது ஒரு குறுஞ்செய்தி. உள்ளே கணினிகளுக்குக் கேபிள் வழியாக இணையம் உண்டு, கற்காலம் என்று நினைத்துவிட வேண்டாம். இன்னொன்று, கதவுகளைப் பூட்டுவதில்லை. பனிக்கரடி வந்தால் எந்த வீட்டுக்குள்ளும் ஓடிப் புகுந்துகொள்ளலாம் என்பதற்காக.

எங்களைத் துரத்தியது கரடி இல்லை, ஆலா. ஆர்க்ரிக் ஆலா வீதியோரச் சரளைக்கல்லிலேயே முட்டையிடும். வருடத்துக்கு ஒருதரம் தென்துருவப் பக்கம் போய்த் திரும்பி வருகிற குருவி, இருந்த இடத்தை விட்டுக்கொடுக்குமா? குத்திட்டு வந்து நேரே உச்சந்தலையில்தான் கொத்தும். கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் உயரமான இடம் எதுவோ அதைக் கொத்தும் என்றான் வழிகாட்டி. நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர், ஆளுக்கொரு கையைத் தூக்கிக்கொண்டு, வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளைகள் மாதிரி நடந்தோம். என் தொப்பியில் வெள்ளையாக ஒரு கையொப்பம் விழுந்தது. தடித்த தொப்பி போடுங்கள், கழுவக்கூடியதாக.

இந்திய நிலையம் ஹிமாத்ரி, 2008 ஜூலை 1 முதல் இயங்குவது. பார்வைக்குச் சாதாரண மரவீடு. உள்ளே போக அனுமதியில்லை. யாராவது வெளியே வந்தால் தமிழில் ஒரு வார்த்தை கதைக்கலாம் என்று ஐந்து நிமிடம் நின்றேன். ஒருவரும் வரவில்லை. வேலை நேரம், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இந்தக் கடலடியில் சென்னையின் கை இருக்கிறது. பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் செய்த இண்டார்க் என்ற கருவித்தொகுதியை 2014இல் 192 மீற்றர் ஆழத்தில் இறக்கிவைத்தார்கள். தண்ணீரின் சூடு, உப்பு, நீரோட்டம் எல்லாம் பதிவாகும். இங்கே பனி உருகுவதற்கும் எங்கள் பக்கத்து மழைக்கும் என்ன தொடர்பு என்று பார்ப்பது இந்தியர்களின் பெரிய அக்கறை. நாங்கள் போய்வந்த அதே வருடம் டிசம்பரில் முதல்தடவையாகக் குளிர்காலக் குழுவும் இங்கே வந்ததென்று பிறகு வாசித்தேன்.

பனி உருகுவதைப் பார்க்கக் கருவி தேவையில்லை, துறையில் நின்று எதிரே பார்த்தால் போதும். அங்கே கிடப்பது தீவு. அதன் பெயரோ புளொம்ஸ்ட்ரான்ட் குடாநாடு. பெயர் வைத்த காலத்தில் பனியாறு அதை நிலத்தோடு ஒட்டிவைத்திருந்தது. பனியாறு பின்வாங்கியதும் நடுவில் கடல் தெரிந்தது. யாழ்ப்பாணத்தான் எனக்குக் குடாநாடு என்ற சொல்லில் கொஞ்சம் உரிமை உண்டு, அதனால் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். வீதி இருந்த இடத்தில் தண்ணீர் நிற்பதுபோல.

இனிக் கடை. சின்ன மரக்கட்டடம், கப்பல் படகு வரும்போது திறப்பார்கள். கம்பளி, தொப்பி, சொக்கலேற், அட்டைகள். ஸ்வால்பார்டில் நோர்வேயின் விற்பனை வரி கிடையாது, ஆனாலும் மலிவென்று நினைத்துப் போகாதீர்கள். காட் இயந்திரத்துக்குத் தடித்த கறுப்பு வயர் ஒன்று மேசைக்குக் கீழே போகிறது, அதனால் காசு கொண்டுபோகத் தேவையில்லை. கவுண்டரில் நின்ற பெண் அவசரமே படவில்லை. பின்னால் பத்துப் பேர் நிற்க, நான் காட்டிய இரண்டு கம்பளித் தொப்பிகளையும் உள்புறம் புரட்டி, "இது கடிக்கும், இது கடிக்காது" என்று சொல்லி விலை குறைந்ததைத் தந்தாள். விற்க வேண்டும் என்ற ஆவல் இல்லாத கடைக்காரரை எப்போது கடைசியாகக் கண்டேனோ. அங்கே இருந்த றப்பர் முத்திரையை நாங்களே மையில் தோய்த்து அட்டையில் குத்தலாம். மகள் குத்தியது வடிவாக விழுந்தது. நான் குத்தியது கரைந்து, கரடியோ நாயோ என்று தெரியாமல் போயிற்று. அதைச் சாவகச்சேரியில் இருக்கும் அக்காவின் விலாசம் எழுதிச் சிவப்புத் தபாற்பெட்டியில் போட்டேன். அட்டையும் முத்திரையுமாக ஐம்பது குரோனர் அளவில் முடிந்தது.

மிச்ச நேரத்தில் நோர்வேயின் துருவப் பயணி அமுண்ட்சனின் சிலை, ஊருக்கு வெளியே 'நோர்கே' வான்கப்பலைக் கட்டிவைத்த கோபுரம். 1926 மே 11ஆம் திகதி அமுண்ட்சன், எல்ஸ்வொர்த், நோபிலே கோஷ்டி இங்கிருந்து கிளம்பி, மறுநாள் வடதுருவத்துக்கு மேலாகப் பறந்து, அலாஸ்காவில் போய் இறங்கியது. இரண்டு வருடம் கழித்து நோபிலே 'இத்தாலியா' என்ற இன்னொரு வான்கப்பலில் போய் விழுந்தபோது, அவரைத் தேடிப் பறந்த அமுண்ட்சன் திரும்பவே இல்லை. கோபுரத்தின் அடிவரை போக எங்களுக்கு நேரமில்லை. பார்க்க: வால்ரஸ்.

ஆனால் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. ஒரு மணிக்குச் சற்று முன், ஜேர்மன்-பிரெஞ்சு நிலையத்தின் பலூன் கூடத்தில் இருந்து ஓர் இளம் பெண் வெள்ளைப் பலூனோடு வெளியே வந்தாள். ஆள் உயரத்துக்கும் மேலே பருத்த பலூன், கீழே நூலில் தீப்பெட்டி மாதிரி ஒரு சின்னக் கருவி. நாளுக்கு ஒருதரம் இப்படி விடுவார்கள். முப்பது கிலோமீற்றர் உயரம் வரை போய் வெடிக்கும், அதுவரை காற்றின் சூட்டையும் ஈரத்தையும் கீழே சொல்லிக்கொண்டிருக்கும். அவள் ஒருகணம் காற்று எந்தப் பக்கம் என்று கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள், கையை விட்டாள். பட்டம் விட்டவனுக்குத் தெரியும் அந்த நிமிடம். பலூன் சரிந்து, நிமிர்ந்து, செப்பலின் மலைப்பக்கம் போனது. அந்த மலையின் மேலேதான் காற்றில் உள்ள கரியமில வாயுவை அளக்கும் நிலையம், கேபிள் காரில் ஏறுவார்கள். அவள் நாங்கள் பார்ப்பதைக் கவனிக்காமலே உள்ளே போய்விட்டாள். படகில் இருந்து கூப்பிடும் சத்தம் அப்போதுதான் கேட்டது.

போகலாமா என்று கேட்டால், போங்கள். ஆனால் கரையில் எவ்வளவு நேரம் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், முடிந்தால் வால்ரஸ் இல்லாத படகாகப் பாருங்கள். என் முறைப்பாட்டுக்குக் கம்பனி அடுத்த பயணத்தில் பத்து வீதக் கழிவு என்று பதில் அனுப்பியது. ஆராய்ச்சி நிலையங்களுக்குள் போகலாம் என்று நினைத்துப் போகாதீர்கள். வீதியை விட்டு இறங்கவே முடியாது. அங்கே நடக்கிற வேலைக்கு நாங்கள் இடைஞ்சல், அதை மரியாதையாக உணர்த்துகிறார்கள்.

ஐந்து கிழமை கழித்து அக்கா தொலைபேசி எடுத்தா. அட்டை வந்துவிட்டதாம். "என்னடா இது நாய்ப்படம்?" என்று கேட்டுவிட்டு, "அந்த ஊரில ஃபோன் இல்லையோ, கடதாசி போட்டுக்கொண்டிருக்கிறாய்?" என்றா.