காலனிப் போர்கள் நோட்ஸ்: மலேயாவுக்கு வாங்கலாம், அல்ஜீரியாவுக்கு நம்ப வேண்டாம்

பெரம்பூர், வியாசர்பாடி பக்கத்து ஜெராக்ஸ் கடைகளில் இந்த சீசனில் நன்றாகப் போகும் நோட்ஸ் இது. யுபிஎஸ்சி மெயின்ஸ் ஜிஎஸ் முதல் தாளின் உலக வரலாற்றிலிருந்து, காலனி ஆட்சியை எதிர்த்த கெரில்லாப் போர்களை மட்டும் எடுத்து மலேயா, கென்யா, அல்ஜீரியா என்று மூன்று பாகமாகப் போட்டிருக்கிறார்கள். 96 பக்கம், ஸ்பைரல் பைண்டிங், 180 ரூபாய். தமிழில் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்தப் பகுதியில் வேறு சரக்கு கிடைப்பது அரிது, அதனால்தான் இவ்வளவு கிராக்கி.

மலேயா பாகத்தை எழுதியவர் விஷயம் தெரிந்தவர். கெரில்லாவை எங்கே பிடித்தால் விழுவான் என்றால் வயிற்றில்தான், அங்கிருந்தே ஆரம்பிக்கிறார். பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு அரிசியும் மருந்தும் துப்பும் வந்தது காட்டோரம் குடியிருந்த சீனக் குடியானவர்களிடமிருந்து. 1950-இல் பிரிட்டிஷார் கொண்டுவந்த பிரிக்ஸ் திட்டம் சுமார் 5 லட்சம் பேரைக் கிளப்பி, முள்வேலி போட்ட ‘புதுக் கிராமங்களில்’ அடைத்தது. உள்ளே ரேஷன். டின் உணவு விற்றால் கடைக்காரர் அங்கேயே ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். சில பகுதிகளில் அரிசியே கிடையாது, பொதுச் சமையலில் வடித்த சோறுதான். சோறு சீக்கிரம் ஊசிப்போகும், பதுக்கிக் காட்டுக்கு அனுப்ப முடியாது. 1952-இல் தஞ்சோங் மாலிம் ஊரையே 22 மணி நேர ஊரடங்கில் வைத்து அரிசி அளவையும் பிரிட்டிஷ் ஹை கமிஷனர் டெம்ப்ளர் குறைத்ததை இதோடு சேர்த்துப் படித்தால், மக்கள் அடிபட்டது போரின் பக்கவிளைவு அல்ல, போர் நடத்திய முறையே அதுதான் என்பது விளங்கும். பத்தாங் காலியில் 1948 டிசம்பரில் 24 கிராமத்தார் பிரிட்டிஷ் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டதும் இருக்கிறது.

ஒரு குறை உண்டு. எஸ்.ஏ. கணபதியைக் காணோம். அகில மலேயா தொழிற்சங்கச் சம்மேளனத் தலைவர், தஞ்சைப் பகுதிக்காரர், 1949 மே 4-இல் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டவர். மலேயாவின் பினாங்குக்கு ரஜுலா கப்பல் புறப்பட்ட சென்னைத் துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் விற்கிற நோட்ஸில் அவர் பெயர் இல்லாதது கொஞ்சம் உறுத்துகிறது.

கென்யா பாகம் பரவாயில்லை. மாவ் மாவ் கெரில்லாக்களைத் தேடி 1954 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை நைரோபியைச் சல்லடை போட்ட ‘ஆன்வில்’ நடவடிக்கை, அதன்பின் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கிக்குயு மக்களை அகழியும் வேலியும் சூழ்ந்த கிராமங்களுக்குத் துரத்தியது, 1959-இல் ஹோலா முகாமில் 11 கைதிகள் அடித்துக் கொல்லப்பட்டது எல்லாம் வரிசையாக வருகின்றன. 2013-இல் பிரிட்டன் அப்போது கொடுமைக்கு உள்ளான 5,228 பேருக்கு 1.99 கோடி பவுண்டு தர ஒப்புக்கொண்டதைச் சேர்த்திருந்தால் விடைக்கு நல்ல முடிப்பாக இருந்திருக்கும்.

சிக்கல் அல்ஜீரியாவில்தான். இந்தப் பாகத்தை எழுதியவர் வேறு ஆள் போல. 1954 நவம்பர் 1-இல் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக தேசிய விடுதலை முன்னணி (எஃப்எல்என்) தாக்குதலைத் தொடங்கியது, நாட்டை ஆறு விலாயாக்களாக (போர் மண்டலங்களாக) பிரித்தது, நகரத்தில் ஒருவருக்கு இரண்டொருவரை மட்டுமே தெரிகிற மாதிரி செல் அமைத்தது என்று உத்திக்கு மட்டும் பத்துப் பக்கம். பொதுமக்களுக்கு அரைப் பக்கம். இப்படிப் படித்தால் 15 மார்க் கேள்வியில் மாட்டிக்கொள்வீர்கள்: ராணுவ ரீதியில் மேலே இருந்த பிரான்ஸ் ஏன் தோற்றது?

அதற்கான சங்கிலி இது. எஃப்எல்என்னுக்கு ஆயுதம் துனீசியாவிலிருந்து வந்தது. அதை அடைக்க 1957-இல் பிரெஞ்சுக்காரர்கள் துனீசிய எல்லையோரம் மின்சாரம் பாய்ந்த ‘மோரிஸ் கோடு’ என்ற தடுப்பை எழுப்பினார்கள்: வேலி, இருபுறமும் கண்ணிவெடி, ரோந்து. வெளியிலிருந்து வரத்து நின்றதும் உள்ளே இருந்த எஃப்எல்என் படைகள் மலைக் கிராமங்களை நம்பின. பிரெஞ்சு ராணுவம் அந்தக் கிராமங்களையே காலி செய்து, தடைப் பகுதி என்று அறிவித்து, போர் முடிவதற்குள் 20 லட்சம் பேருக்கு மேல் முகாம்களுக்குக் கொண்டுபோனது. நிலமும் ஆடும் கையைவிட்டுப் போயின, முகாமில் பட்டினி, குழந்தைகள் சாவு. 1959-இல் இதை அறிக்கையாக எழுதிய இளம் அதிகாரி மிஷேல் ரொக்கார், பின்னாளில் பிரான்ஸ் பிரதமர். அதே ஆண்டு பிரெஞ்சுத் தளபதி ஷாலின் திட்டம் மலைகளில் இருந்த எஃப்எல்என்னின் பெரிய படைப்பிரிவுகளைச் சிதறடித்தது. போர்க்களக் கணக்கில் பிரான்ஸுக்கு வெற்றி. ஆனால் 1960 டிசம்பரில் அல்ஜியர்ஸ் தெருக்களில் எஃப்எல்என் கொடியோடு ஜனம் திரண்டது. 1957-இல் பிரெஞ்சுத் தளபதி மாஸ்யூவின் பாராசூட் படை சித்திரவதை செய்து எஃப்எல்என்னைத் ‘துடைத்தெறிந்த’ அதே நகரம். களத்தில் வென்ற பிரான்ஸ் மக்களை இழந்தது.

நோட்ஸில் இதில் எதுவும் இல்லை. போதாக்குறைக்கு, எஃப்எல்என் தரப்புக் கொலைகளை மொத்தமாக விட்டுவிட்டார்கள். 1955 ஆகஸ்டில் பிலிப்வில் பகுதியில் பொதுமக்களைக் கொன்றது, 1957 மே மாதம் மெலூசாவில் போட்டி இயக்கத்தை ஆதரித்ததாக சுமார் 300 ஆண்களைக் கொன்றது, இரண்டும் இல்லாத விடையைத் திருத்துகிறவர் ஒருபக்கச் சார்பு என்றுதான் எடுப்பார். சாவு எண்ணிக்கையை ‘15 லட்சம்’ என்று மொட்டையாகப் போட்டிருக்கிறார்கள். அது அல்ஜீரிய அரசு சொல்லும் எண். வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு பெரும்பாலும் சில லட்சங்கள்தான், எந்த எண்ணை எழுதினாலும் யார் சொன்னது என்று சேர்த்து எழுதுங்கள். பிரான்ஸும் எஃப்எல்என்னும் போரை நிறுத்தச் செய்துகொண்ட எவியான் ஒப்பந்தத்தின் தேதியை (1962 மார்ச் 18) விடுதலை நாளாகவும் போட்டிருக்கிறது. விடுதலை ஜூலை 5.

அச்சு விஷயம்: ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்ததில் அல்ஜீரிய வரைபடம் கறுப்புத் திட்டாகிவிட்டது, துனீசிய எல்லையே தெரியவில்லை. கென்யா பாகத்தில் சில பிரதிகளில் ஒரே தாள் இரண்டு முறை வந்து அடுத்த தாள் விடுபட்டிருக்கிறது, காசு கொடுக்கும் முன் புரட்டிப் பாருங்கள். கேட்டால் மலேயா, கென்யா பாகங்களை மட்டும் தனியாக எடுத்து 110 ரூபாய்க்கு பைண்டிங் போட்டுத் தருகிறார்கள். அப்படி வாங்குவதே லாபம்.