ஃபிக்மாவுடன் ஏழு ஆண்டுகள்: வரையாமல் விட்ட நிலைகள்

ஏழு ஆண்டுகளாக வலைச் செயலிகளின் திரைகளை, உலாவியிலேயே இயங்கும் வடிவமைப்புக் கருவியான ஃபிக்மாவில் வடிவமைத்து வருகிறேன். நான் வரைந்துகொண்டிருக்கும்போதே நிரலாளர் அதே கோப்பைத் தம் உலாவியில் திறந்து குறிப்பெழுத முடிவது இன்றும் பெரிய வசதியாகத்தான் இருக்கிறது. 2019 இறுதியில், உள்ளடக்கத்துக்கேற்பப் பெட்டி தானே அளவு மாறும் ஆட்டோ லேஅவுட் வசதி வந்த பிறகு, பொத்தானின் எழுத்து நீளும்போதெல்லாம் பெட்டியைக் கையால் இழுத்துச் சரிசெய்யும் வேலையும் ஒழிந்தது.

தவறு என்னுடையது. தரவெல்லாம் வந்துசேர்ந்த, பெயர்களெல்லாம் அளவாக அமைந்த திரைகளை மட்டுமே பல காலம் வரைந்து ஒப்படைத்துவந்தேன். பணிப் பலகை ஒன்றில், அட்டையை ஒரு பத்தியிலிருந்து அடுத்த பத்திக்கு இழுத்துவிடும் வசதியை வடிவமைத்தபோது அது வெளிப்பட்டது. முன்மாதிரியில் அட்டை வழுக்கிக்கொண்டு போய் அழகாக உட்கார்ந்தது. உண்மையான செயலியிலோ, இணையம் மந்தமாக இருந்த நேரத்தில், விட்ட அட்டை பழைய இடத்துக்கே திரும்பி இரண்டு மூன்று விநாடி நின்றுவிட்டுப் பிறகு தாவியது. அதற்குள் பயனர், நகரவில்லை என்று நினைத்து, மறுபடியும் இழுத்திருந்தார். சர்வர் மறுத்துவிட்டால் அட்டை எங்கே போக வேண்டும் என்று நிரலாளர் கேட்டார். கோப்பில் அதற்குப் பதில் இல்லை.

இப்போது அட்டையை உடனே புதிய இடத்தில் காட்டி, சேமிப்பு முடியும்வரை சற்று மங்கலாக வைத்து, சேமிக்க இயலாமல் போனால் காரணத்தைச் சொல்லிப் பழைய இடத்துக்குத் திருப்புகிறோம். 2023இல் வெளியான, வலைத்தளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்துவதற்கான வழிகாட்டுநெறியான டபிள்யூ.சி.ஏ.ஜி 2.2, இழுக்காமலே அதே வேலையைச் செய்ய ஒரு வழி வேண்டும் என்கிறது. எனவே ஒவ்வொரு அட்டையின் மெனுவிலும் ‘நகர்த்து’ சேர்ந்தது. உண்மையைச் சொன்னால், இழுப்பதைவிட அதுதான் எனக்கே எளிதாக இருக்கிறது.

காலியான பட்டியல், பாதி வந்த தரவு, அனுமதி இல்லாத பயனர், மூன்று வரிக்கு நீளும் பெயர் ஆகியவற்றை முதலில் வரைந்துவிட்டுத்தான் நிறைவான திரைக்கு வருகிறேன். நிறம், எண், எழுத்து போன்ற மதிப்புகளைப் பெயரிட்டு வைத்து மாற்றிக்கொள்ள ஃபிக்மாவில் 2023இல் வந்த வேரியபிள்கள் முன்மாதிரிப் பிரதிகளின் எண்ணிக்கையை வெகுவாகக் குறைத்தன. ஆனாலும் வேகத்தை உலாவியில்தான் சோதிக்கிறேன்: டெவலப்பர் கருவிகளில் இணைய வேகத்தைக் குறைத்துவிட்டு, ஒவ்வொரு சொடுக்குக்கும் 200 மில்லிவிநாடிக்குள் திரையில் ஏதேனும் அசைகிறதா என்று பார்ப்பேன்.

விசைப்பலகையின் கதையும் அப்படித்தான். எஸ்கேப் விசையால் உரையாடல் பெட்டியை மூடியதும், குவியம், அதாவது விசை அழுத்தங்கள் போய்ச்சேரும் இடம், அந்தப் பெட்டியைத் திறந்த பொத்தானுக்குத் திரும்ப வேண்டும். எங்கள் செயலியில் அது பக்கத்தின் உச்சிக்கு ஓடியது. வரைந்து காட்ட வழி தெரியாமல், கோப்பில் அந்தப் பெட்டியின் ஓரத்தில் ஒரு வரியாக எழுதி வைத்தேன்.