குடிநோய்க்குச் சிகிச்சை, மனநல ஆலோசனை, பிறகு தங்க ஓர் அறை: மூன்றுக்கும் சேர்த்து ரூ.1,12,000 வாங்கிக்கொண்டு எங்களை நடுத்தெருவில் விட்ட மையம்

நேற்று மாலை நாலரை மணிக்கு அந்த மையத்தின் கணக்காளர் என் கைப்பேசி எண்ணைத் தடை செய்துவிட்டார். இரவு முழுவதும் தூக்கம் வராததால், என்னைப் போல இன்னொருவர் அவசரத்தில் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டிவிடக் கூடாதே என்று இதை எழுதுகிறேன். வழக்குப் போட இருப்பதால் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். மாவட்டத் தலைநகர் ஒன்றின் புறவழிச்சாலையில், தென்னந்தோப்புக்குள், அறக்கட்டளை என்ற பலகையுடன் நடக்கும் தனியார் போதை மறுவாழ்வு மையம் என்பதுவரைதான் சொல்ல முடியும். இந்த அடையாளத்துக்குப் பொருந்தும் இடங்கள் நம் மாநிலத்தில் எத்தனையோ இருக்கின்றன என்பதே எனக்கு இன்னும் அச்சமாக இருக்கிறது.

என் தம்பிக்கு வயது 38. சரக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மா இறந்த பிறகு இரவில் உறங்காமல் உட்கார்ந்திருப்பான். உறக்கத்துக்காகக் குடிக்கத் தொடங்கியவன், பிறகு காலையில் கை நடுக்கம் நிற்பதற்காகவும் குடிக்க வேண்டியவனாகிவிட்டான். வேலை போயிற்று. வாடகை பாக்கி முன்பணத்தையும் தின்றுவிட, வீட்டுக்காரர் வைகாசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். அதன் பின் அவன் லாரி ஷெட்டில் படுத்துக் கிடந்தான். மாமியார், மாமனார், பிள்ளைகளுடன் இரண்டு அறைகளில் வாழும் நான் அவனைக் கூட்டிவந்து வைத்துக்கொள்ளவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். அந்தக் குற்ற உணர்ச்சியைத்தான் அவர்கள் காசாக்கினார்கள்.

இணையத்தில் தேடியபோது முதலாவதாக வந்த எண்ணை அழைத்தேன். அரசு உதவி எண் என்றே நினைத்துப் பேசினேன்; எடுத்தவர் ஆள் சேர்த்துவிட்டுத் தரகு வாங்குபவர் என்பது பின்னர்தான் தெரிந்தது. அவர் சொன்ன இடத்துக்கு மறுநாளே போனேன்.

நான் ஏமாந்த கணம் எது என்று திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். மேலாளர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டவர் முதலில் பணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. "தம்பி கடைசியா எப்போ வயிறாரச் சாப்பிட்டாரு அக்கா?" என்று கேட்டார். அதுவரை நான் பார்த்த உறவினர், அண்டை வீட்டார், அவனுடைய பழைய முதலாளி எவரும் கேட்காத கேள்வி அது. நான் அழுதுவிட்டேன். தானும் ஒரு காலத்தில் பேருந்து நிலையத்தில் விழுந்து கிடந்தவன்தான் என்றும், பதினோரு ஆண்டுகளாகத் தொடவில்லை என்றும் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். பிறகு கைப்பேசியில் ஓர் அறையின் படத்தைக் காட்டினார்: கட்டில், மின்விசிறி, ஜன்னலில் துளசித்தொட்டி. "மூணு மாசம் இங்க சிகிச்சை, அப்புறம் ஆறு மாசம் எங்க மறுவாழ்வு இல்லத்துல இந்த ரூம், வேலையும் நாங்களே வாங்கித் தர்றோம்" என்றார். குடியையும் மனச்சோர்வையும் வீடில்லாமையையும் தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் தீராது என்று அவர் சொன்னது உண்மைதான். உண்மையைச் சொல்லி ஏமாற்றுபவரிடம் என்னதான் எச்சரிக்கையாக இருப்பது?

சிகிச்சைக்கு ரூ.60,000, இல்லத்துக்கு முன்கூட்டியே ரூ.40,000, அழைத்துவரும் வண்டிக்கு ரூ.12,000. ஆக மொத்தம் ரூ.1,12,000. என் இரண்டு பவுன் வளையல் கூட்டுறவு வங்கிக்குப் போயிற்று. ஏழு தாள்களில் கையெழுத்திட்டேன். ஒன்றைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. ரசீது கேட்டதும் உடனே கொடுத்தார்கள், ரூ.1,00,000-க்கு. வண்டிப் பணத்துக்கு ரசீது இல்லை. அந்த ரசீதில் சிறிய எழுத்தில் 'நன்கொடை' என்று அச்சிட்டிருந்ததை நான் மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தேன்.

அன்றிரவே நான்கு பேர் போய் ஷெட்டில் உறங்கிக்கொண்டிருந்தவனைக் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். 21 நாட்களுக்குப் பார்க்கவோ பேசவோ கூடாது, அதுதான் சிகிச்சை முறை என்று எனக்குச் சொல்லப்பட்டது. நான்காம் நாள் காலை அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவிலிருந்து ஒரு செவிலியர்தான் என்னை அழைத்தார். இரண்டாம் நாள் இரவில் அவனுக்கு வலிப்பு வந்திருக்கிறது. அதன் பிறகு இல்லாததைப் பார்த்துக் கத்தியவனைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். மணிக்கட்டில் தடம் இருந்தது. நிலைமை கைமீறியதும் மருத்துவமனை வாசலில் இறக்கிவிட்டு, என் எண்ணை மட்டும் ஒரு சீட்டில் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பல ஆண்டுகள் தினமும் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம் என்றும், அதற்கடுத்த நாட்களில் வரும் மனக்குழப்பம் உயிரையே பறிக்கக்கூடும் என்றும், அதற்கான மாத்திரைகளும் வைட்டமின் பி1 ஊசியும் கொடுத்துக் கண்காணித்தால் பெரும்பாலும் தவிர்க்கக்கூடியது என்றும் அங்கிருந்த இளம் மருத்துவர் விளக்கினார். மையத்தில் வெறும் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள் என்று தம்பி நினைவு வந்தபின் சொன்னான். பி1 கொடுக்காமல் அதை மட்டும் ஏற்றுவது மூளையைப் பாதிக்கக்கூடும் என்று அந்த மருத்துவர் சொன்னபோது எனக்குக் கால் நடுங்கியது. என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்க மையத்தை அழைத்தால், "டாக்டர் ஃபைல் அவர்கிட்டதான் இருக்கு" என்றார்கள். பலகையில் பெயர் எழுதியிருந்த அந்த மனநல மருத்துவரை என் தம்பி அங்கே பார்த்ததே இல்லை. அரசு மருத்துவமனையில் ஒன்பது நாட்கள் இருந்தான். ஒரு ரூபாய் கேட்கவில்லை.

சிகிச்சைதான் போயிற்று, இல்லத்துக்கான பணமாவது பயன்படட்டும் என்று பத்தாம் நாள் அவனை அழைத்துக்கொண்டு, கையில் துணிப்பையுடன், அவர்கள் எழுதிக்கொடுத்த முகவரிக்குப் போனேன். கதவைத் திறந்த மூதாட்டி, அந்த அறக்கட்டளைக்காரர்கள் தை மாதமே காலி செய்துவிட்டார்கள், எனக்கும் மூன்று மாத வாடகை பாக்கி என்றார். படத்தில் பார்த்த துளசித்தொட்டியும் இல்லை. தம்பி ஒன்றும் பேசவில்லை, "ஷெட்டுக்கே போயிடட்டுமாக்கா?" என்று மட்டும் கேட்டான்.

அதற்குப் பிறகு நடந்த அலைக்கழிப்பு தனிக் கதை. மேலாளர் கணக்காளரைக் கேட்கச் சொன்னார். கணக்காளர் நிறுவனர் சென்னையில் இருக்கிறார் என்றார். நிறுவனர் எண் என்று கொடுத்தது அணைத்தே வைக்கப்பட்டிருந்தது. வாட்ஸ்அப்பில் நான் எழுதியதற்கெல்லாம் கும்பிடும் கை படம் ஒன்று வரும். நேரில் போனபோது, அன்று தண்ணீர் கொடுத்த அதே மேலாளர், "கொடுத்த நன்கொடையைத் திருப்பிக் கேக்கலாமாம்மா?" என்றார். அக்கா என்பது அம்மா ஆகிவிட்டது. ரூ.1,12,000-இல் பாதியாவது கொடுங்கள் என்று கெஞ்சியதற்கு, உங்கள் தம்பி தானாகவே சேர்ந்து தானாகவே போய்விட்டதாகக் கையெழுத்து இருக்கிறது என்று ஒரு தாளைத் தூரத்திலிருந்து காட்டினார். காவல் நிலையத்தில் இது பணத் தகராறு, நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

இப்போது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பணம் கொடுக்கும் முன் படித்திருக்க வேண்டும். மது, போதைப் பழக்கத்தோடு சேர்ந்த மனநலப் பாதிப்புகளும் அதன் வரம்புக்குள் வருகின்றன. தானாகச் சேர்ந்தவர் என்றால் அவர் கேட்டால் வெளியே விட வேண்டும். அவர் விருப்பமின்றிச் சேர்ப்பதென்றால் மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும், அதுவும் முதலில் 30 நாட்களுக்கு மேல் போகக் கூடாது. குடும்பத்தோடு பேசும் உரிமையும் மருத்துவப் பதிவேட்டைக் கேட்டுப் பெறும் உரிமையும் அதிலேயே எழுதியிருக்கின்றன. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் 28 பேர் தீயில் கருகியதைச் செய்தியில் பார்த்து அம்மா அழுதது நினைவிருக்கிறது. அந்த அம்மாவின் பிள்ளையைத்தான் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

பத்துக் குறிப்புகளாவது எழுதலாம் என்று உட்கார்ந்தேன். கோபத்தில் மனம் நிற்கவில்லை. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். இரவில் மருத்துவர் யார் என்று கேளுங்கள். ரசீதில் நன்கொடை என்று இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள். தங்க இடம் தருவதாகச் சொன்னால் படத்தைப் பார்க்காமல் அந்தக் கதவைத் தட்டிப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். 'கலங்கரை' என்ற பெயரில் போதை மீட்பு மையங்கள் 2025-இல் 25 இடங்களில் தொடங்கப்பட்டிருக்கின்றன. மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்புக்கு 14446, இரண்டுமே கட்டணமில்லாதவை. இதை எனக்கு யாராவது ரூ.1,12,000-க்கு முன்னால் சொல்லியிருக்கலாம்.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுக் கொடுக்கிறேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் தாள்கள் தயாராகின்றன. தம்பி இப்போது எங்கள் மொட்டை மாடியில் தகரக் கொட்டகையின் கீழ் இருக்கிறான், மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறான். மழைக்கு முன் அவனுக்கு ஓர் அறை பார்க்க வேண்டும். எங்கிருந்து வருகிறான் என்று கேட்டு இதுவரை இரண்டு வீட்டுக்காரர்கள் மறுத்திருக்கிறார்கள்.