சைனஸ் சத்திரசிகிச்சைக்குப் பிறகு மூக்கைக் கழுவ எது நல்லது?

சைனஸ் சத்திரசிகிச்சை முடிந்து வருபவரின் மருந்துத் துண்டில் 'உப்பு நீரால் மூக்கைக் கழுவவும்' என்றும் ஒரு வரி இருக்கும். எதைக் கொண்டு கழுவுவது என்ற யோசனை பாமசி வாசலில்தான் வருகிறது. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதி நெடுகக் கேட்டுப் போனால் ஸ்பிரே, சிரிஞ்ச், அமுக்குப் போத்தல், தேநீர்க் கேத்தல் போல நீண்ட வாயுள்ள நேதிக் குவளை என்று ஆளுக்கொன்று காட்டுவார்கள்.

ஸ்பிரே கழுவாது, நனைக்கும். வேலைக்குத் திரும்பிய பிறகு ஏசி அறையில் மூக்கு காய்ந்தால் உதவும், அவ்வளவுதான். உள்ளே உறைந்த இரத்தமும் பொருக்கும் கிடக்கின்றன. அவை தங்கினால் புண்பட்ட பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக்கூடும். அவற்றை இளக்கி வெளியே கொண்டுவர நிறையத் தண்ணீர் வேண்டும்.

அதனால்தான் என் தெரிவு 240 மில்லிலீற்றர் அமுக்குப் போத்தல். சத்திரசிகிச்சையில் சைனஸ் வாசல்களை அகலமாக்கியிருப்பதால், இவ்வளவு தண்ணீர் மெதுவாகப் போகும்போது உள்ளறை வரை எட்டும். வாஷ் பேசின் மேல் சற்றுக் குனிந்து, வாயால் மூச்சு விட்டபடி, பக்கத்துக்குப் பாதிப் போத்தல். பலமாக அமுக்கினால் காது அடைக்கும். முடிந்ததும் மூக்கை உறிஞ்சிச் சீறவேண்டாம், தானாக வடியவிடுங்கள்.

நேதிக் குவளையில் தண்ணீர் தன் பாரத்தால் இறங்குவதால் அழுத்தம் குறைவு. ஆனால் தலையை நன்றாகச் சரிக்கவேண்டும். வீங்கிய மூக்கில் தண்ணீர் பாதியில் நின்றுவிடும். ஆறிய பிறகு தாராளமாகப் பாவிக்கலாம். ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்ச் மலிவு. ஆனால் அதே அளவுக்குப் பன்னிரண்டு தடவை நிரப்பவேண்டும், மெல்லிய தாரை புண்ணில் நேரே படவும் கூடும்.

போத்தலா குவளையா என்பதைவிட எனக்குப் பெரிய கவலை தண்ணீர். 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர் நெக்லேரியா என்ற அமீபா மூளைக்குப் போய் இறந்தார்கள். மிக அரிதான நோய்தான். ஆனாலும் குடிக்கும்போது தீங்கு செய்யாத அந்தக் கிருமி மூக்கு வழியே போனால் உயிரை எடுக்கும். வெதுவெதுப்பான நன்னீர்தான் அதற்குப் பிடித்த இடம். கொழும்புத் தொடர்மாடிகளின் மொட்டைமாடித் தாங்கி நாள் முழுக்க வெயிலில் காய்வதை நினைத்துப் பாருங்கள். சாதாரண வடிகட்டியை நம்பவேண்டாம். கொப்பளித்துக் கொதித்த பிறகும் ஒரு நிமிடம் விட்டு, மூடி ஆறவைத்த தண்ணீரே வேண்டும். மின்கேத்தல் கொதித்தவுடன் நின்றுவிடும் என்பதால் அடுப்புச் சட்டிதான் நல்லது.

உப்புக்கு, மூக்குக் கழுவவென்றே விற்கும் பக்கற் வாங்கிவிடுங்கள். சமையலுப்பில் அயடீன் சேர்ந்திருக்கும், கைக்கணக்கும் தவறும்; கூடினாலும் குறைந்தாலும் எரியும். 0.9 சதவீத சேலைன் போத்தலும் நல்லதே, ஆனால் திறந்ததை நாட்கணக்கில் வைக்காதீர்கள்.

எப்போது தொடங்குவது, ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதை உங்கள் வைத்தியரே சொல்லவேண்டும். கழுவி நேரமாகியும் குனியும்போது கொஞ்சம் தண்ணீர் வடிவது வழமை. ஒரு பக்கத்தால் மட்டும் தெளிந்த நீர் விடாமல் வடிந்தாலோ, கடுந்தலையிடி, பார்வை மங்கல், நிற்காத புது இரத்தம் என்று எது கண்டாலோ அடுத்த கிளினிக் நாள்வரை பொறுக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.