வைல்டு வழக்கு: ஹாலா, களரியா?

ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் வழக்கை வேலூரில் இரண்டு விதமாக நாடகம் போட்டுப் பார்த்துவிட்டோம். தை மாதம் ஊருக்குள் ஒரு வாடகை ஹாலில். மாசியில் அணைக்கட்டுப் பக்கம் ஒரு மாந்தோப்பில், திறந்தவெளியில் தெருக்கூத்து ஆடும் களரியாக. அடுத்த முறையும் களரிதான். இது என் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டுக்கும் ஒரே பிரதி. 1895 ஏப்ரல், மே மாதங்களில் லண்டன் ஓல்டு பெய்லியில் நடந்த மூன்று விசாரணைகளை வைத்து நாங்களே எழுதியது. தன்னை ஓரினச்சேர்க்கையாளர் என்று இழிவுபடுத்திக் கார்டு எழுதிவைத்த குவின்ஸ்பெரி பிரபு மேல் வைல்டு அவதூறு வழக்குப் போடுகிறார். அது திரும்பி, ஆண்களோடு உறவு வைத்த குற்றமாக அவர் மேலேயே பாய்கிறது. கடைசியில் இரண்டு வருடம் கடுங்காவல்.

ஹாலில் நாற்காலி, மைக், லைட்டு எல்லாம் உண்டு. தோப்பில் கொசு உண்டு. செலவைக் கூட்டிக் கழித்தால் பெரிய வித்தியாசமில்லை, ஹால் வாடகையில் மிச்சமானது ஜெனரேட்டருக்கும் சோற்றுக்கும் போய்விட்டது. உடுப்பில் களரி சுலபம்: ஹாலில் ஆளுக்கொரு கோட்டு தைத்தோம், தோப்பில் வைல்டுக்குச் சட்டையில் ஒரு பச்சைப் பூ போதுமாக இருந்தது. குவின்ஸ்பெரி மட்டும் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டி, துரியோதனன் மாதிரி திரைக்குப் பின்னாலிருந்து வந்தார்.

என்னைக் களரி பக்கம் சாய்த்தது சிரிப்பு. இந்த வழக்கின் உயிரே அதில்தான் இருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீல் கார்சன் கேட்கக் கேட்க வைல்டு நக்கலாகப் பதில் சொல்கிறார், கோர்ட்டு சிரிக்கிறது. கிரெய்ஞ்சர் என்ற பணியாளைப் பற்றி வருகிறது பேச்சு. அவனை முத்தமிட்டதுண்டா என்கிறார் கார்சன். சேச்சே, பார்க்கவே நன்றாக இருக்கமாட்டான் என்கிறார் வைல்டு. கார்சன் பிடித்துக்கொள்கிறார்: அழகில்லை என்பதை ஏன் சொன்னீர்? திரும்பத் திரும்ப அதே கேள்வி. வைல்டு தடுமாறிய இடம் அது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்த சபை சட்டென்று அடங்க வேண்டும். முன்னால் சிரிக்கவே இல்லையென்றால் அடங்குவதற்கு என்ன இருக்கிறது?

ஹாலில் அதுதான் நடந்தது. வைல்டின் கிண்டல் தமிழில் வரும்போது பாதி செத்துப்போகிறது. இருட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் மரியாதையாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். முத்தக் கேள்வியும் மற்றக் கேள்விகளைப் போலவே கடந்துபோனது.

களரியில் கட்டியங்காரன் இருக்கிறார், கூத்தில் நடுநடுவே வந்து கிண்டலடித்துக் கதையை நடத்துகிற ஆள். செய்யாறு பக்கத்துக் கூத்து வாத்தியார் ஒருவர் அதைச் செய்தார். வயது 39 என்று வைல்டு சொன்னதும் இவர் விரலை மடக்கி எண்ணி, "1854-ல பொறந்தவருக்கு நாப்பது ஆவுதே சாமி" என்று இழுக்கிறார். அந்தப் பொய்யைக் கார்சன் உடைக்கும்முன் ஜனம் உடைத்துவிட்டது. கார்சனும் வைல்டும் டப்ளினில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள் என்றதும், "அப்ப பங்காளிச் சண்ட" என்றார். இப்படி ஒவ்வொரு பதிலையும் நம் ஊர்ப் பேச்சில் ஒருமுறை சுற்றிவிட்டுத்தான் கீழே விடுவார். முத்தக் கேள்வி வந்தபோது மட்டும் அவர் ஒன்றும் செய்யவில்லை. தாளம் நின்றது. முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, "அடப்பாவி, மாட்டிக்கினான்" என்றார். பிரதியில் எத்தனை முறை திருத்தி எழுதினாலும் ஹாலில் எனக்கு அது கிடைத்திருக்காது.

இன்னொன்று, ஒத்திகையில் இல்லாதது. தீர்ப்பு முடிந்ததும் வாத்தியார் தானாகவே 377-ஐ, ஒருபால் உறவைக் குற்றமாக்கிய நம் ஊர்ச் சட்டப்பிரிவை, இழுத்தார்: "வெள்ளக்காரன் மூட்ட கட்டும்போது இத மட்டும் மறந்து வுட்டுட்டுப் போயிட்டான். நாமளும் எழுபத்தொரு வருசம் பத்திரமா வச்சிருந்தோம்." 1947-இலிருந்து, அது குற்றமில்லை என்ற 2018 செப்டம்பர் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வரை, கணக்கு சரிதான். அவர் எப்போது போட்டுப் பார்த்தார் என்று தெரியவில்லை.

ஹாலுக்கும் ஒரு இடத்தைக் கொடுத்தாக வேண்டும். இரண்டாம் விசாரணையில், 'பெயர் சொல்லத் துணியாத அன்பு' எது என்ற கேள்விக்கு வைல்டு சொல்லும் பதில். அன்றைக்கு கோர்ட்டு மாடத்திலேயே கைதட்டினார்கள். ஹாலில் ஒற்றை விளக்கில் அது அப்படியே நின்றது. தோப்பில் ஜெனரேட்டர் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை, பின்னால் ஒரு குழந்தை வேறு அழுதது. அந்த ஒரு பேச்சுக்காகவே நாடகம் போடுகிறீர்கள் என்றால் ஹாலுக்கே போங்கள்.

நான் பார்த்தது ஒரே ஒரு களரி இரவு, அதுவும் கட்டியங்காரரும் மத்தளக்காரரும் தவிர மற்ற எல்லோரும் வேலைக்குப் போகிற எங்கள் ஆட்கள். முழுக்கக் கூத்துக் கலைஞர்களே ஆடினால் வைல்டு ராஜபார்ட்டாக மாறிவிடுவாரோ என்ற பயம் எனக்கு உண்டு. தேதியும் தொல்லை. பங்குனியில் தொடங்கினால் ஆடி வரைக்கும் வாத்தியாருக்குப் பாரதக் கூத்து. "ஆவணியில வச்சுக்கலாம் சார்" என்கிறார். ஆவணியில் சாயங்கால மழை பிடித்தால் தார்ப்பாய் கட்ட வேண்டும். அதற்கடியில் மத்தளம் எப்படிக் கேட்கும் என்று கேட்டேன். கட்டிப் பார்த்துடலாம் என்றார்.