'நீங்களே ப்ரோகிராம் செய்துகொள்ளலாம்' என்று விற்கப்படும் கார் சாவி: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

பட்டனை அழுத்தினால் கதவு பூட்டுகிறது, திறக்கிறது. டிக்கியும் திறக்கிறது. ஆனால் வண்டி ஸ்டார்ட் ஆன ஓரிரு விநாடியில் அணைந்துவிடுகிறது, டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு வேகமாக மின்னுகிறது. விற்றவரைக் கேட்டால், "சாவி நல்லாத்தான் இருக்கு, நீங்க ப்ரோகிராம் பண்ணினது தப்பு" என்கிறார். இந்தப் பதிவுக்குக் காரணமான சாவியில் நடந்தது இதுதான். உள்ளே திறந்து பார்த்தால் சிப் வைக்கும் குழி காலியாக இருந்தது. இல்லாத சிப்பை யார் எப்படி ப்ரோகிராம் செய்ய, அதாவது காரில் பதிய முடியும்?

ஆன்லைனில் ரிமோட் சாவி விற்பவர்களில் பலர் வாங்குபவருக்குச் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. கையில் ஒரே பொருளாகத் தெரிந்தாலும் ஒரு சாவிக்குள் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. முதலாவது, கதவைத் திறக்கும் ரிமோட். இது பட்டன் பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ. இரண்டாவது, இன்ஜினை ஓட அனுமதிக்கும் டிரான்ஸ்பாண்டர் சிப். இதற்கு பேட்டரியே வேண்டாம். இக்னிஷனைச் சுற்றியுள்ள காயில் (கம்பிச்சுருள்) தரும் காந்தப்புலத்திலிருந்து தனக்கு வேண்டிய சக்தியை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். மூன்றாவது, வெட்டிய உலோக பிளேடு. முதலாவது மட்டும் வேலை செய்வதைக் காட்டி மூன்றுக்கும் காசு வாங்குவதுதான் இந்த வியாபாரத்தின் பெரிய மோசடி.

ரிமோட்டிலும் ஏமாற்று உண்டு. வட அமெரிக்கா, ஜப்பான் வண்டிகள் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ். ஐரோப்பா, இந்தியா உட்படப் பல நாடுகளில் 433.92 மெகாஹெர்ட்ஸ். ஒரே மாடல், ஒரே வடிவம், ஒரே பட்டன்கள், அலைவரிசை வேறு. அப்படி வாங்கிய சாவியை ஆயிரம் முறை முயன்றாலும் கார் கேட்கவே கேட்காது. பழைய சாவியின் முதுகில் அலைவரிசையோ, எஃப்சிசி ஐடி போன்ற அங்கீகார எண்ணோ அச்சிட்டிருக்கும். விளம்பரத்தில் உள்ள படத்தை நம்பாமல் எழுத்தை ஒப்பிடுங்கள். அதுவும் போதாது: ஒரே அங்கீகார எண்ணில் வெவ்வேறு போர்டுகள் (உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகைகள்), வெவ்வேறு சிப்புகள் வந்திருக்கின்றன. ஆகவே போர்டில் அச்சிட்ட எண்ணும் பொருந்த வேண்டும்.

சிப்பைப் பற்றி 'எல்லாக் காருக்கும் பொருந்தும்' என்று யாராவது சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள். ஐடி46, ஐடி48, 4டி, ஜி, ஹெச் என்று வகைகள் பல. ஒன்றின் இடத்தில் இன்னொன்று போகாது. ஒரே மாடலிலேயே ஆண்டு மாறினால் சிப்பும் மாறியிருக்கலாம். இதைவிட மோசம் பழைய சாவியைப் புது ஓட்டில் (பிளாஸ்டிக் வெளிக்கூட்டில்) போட்டு விற்பது. பட்டன் ஸ்டார்ட் வண்டிகளின் ஸ்மார்ட் சாவிகளில் பல, ஒருமுறை ஒரு காருக்கு எழுதப்பட்டதும் பூட்டிக்கொள்ளும். தனிக் கருவி வைத்து அழித்தால்தான் வேறு காரை ஏற்கும். ஓடு பளபளவென்று இருக்கும், உள்ளே போர்டில் பேட்டரி பிடிக்கும் தகடுகளில் உரசல் தெரியும், பட்டன் தொடும் இடம் கறுத்திருக்கும். வந்தவுடன் திறந்து இந்த இரண்டையும் பாருங்கள்.

'வீட்டிலேயே 10 நிமிடம்' என்ற வாக்கு எல்லா வண்டிக்கும் பொய்யில்லை. சில பழைய ஃபோர்டு வண்டிகளில் கருவியே இல்லாமல் சிப்பைச் சேர்க்கலாம். ஆனால் ஏற்கெனவே வேலை செய்யும் சாவிகள் இரண்டு கையில் இருக்க வேண்டும். முதல் சாவியைப் போட்டு ஆன் நிலைக்குத் திருப்பி 3 விநாடிக்குக் குறையாமலும் 10 விநாடிக்கு மேல் போகாமலும் வைத்து, ஆஃப் செய்து எடுங்கள். 10 விநாடிக்குள் இரண்டாவது சாவியில் அதையே செய்யுங்கள். அடுத்த 10 விநாடிக்குள் புதுச் சாவியைப் போட்டு ஆன் செய்து 6 விநாடியாவது வைத்திருங்கள். ஒரு படி தவறினாலும் 20 விநாடி பொறுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். எட்டுச் சாவிக்கு மேல் அந்த அமைப்பு ஏற்காது. ஒரே ஒரு சாவி வைத்திருப்பவருக்கு இந்த முறை உதவவே உதவாது. பெரும்பாலும் இரண்டாவது தொலைந்ததால்தானே புதுச் சாவி தேடுகிறோம்? விளம்பரத்தில் இந்த நிபந்தனையைப் போடாமல் விற்பதை ஏமாற்று என்றுதான் சொல்வேன்.

ஜெனரல் மோட்டார்ஸின் சில பழைய மாடல்களில் வேறு வழி: புதுச் சாவியை ஆன் நிலையில் வைத்துப் பாதுகாப்பு விளக்கு அணையும்வரை சுமார் 10 நிமிடம் காத்திருந்து, ஆஃப் செய்து, மொத்தம் மூன்று முறை திரும்பச் செய்வது. கேட்க எளிது. ஆனால் இது முடிந்தால் முன்பு பதிந்திருந்த சாவிகள் அழிந்துவிடும், அவற்றையும் மறுபடி சேர்க்க வேண்டும். அரை மணி நேரம் இக்னிஷன் ஆனில் இருப்பதால் வலுவிழந்த பேட்டரி நடுவில் சரியும். சார்ஜர் மாட்டாமல் தொடங்காதீர்கள்.

ரிமோட் பகுதியிலும் இதே சிக்கல். பல வண்டிகளில் ரிமோட் கற்கும் நிலைக்குப் போய் முதல் பட்டனை அழுத்தியதுமே பழைய ரிமோட்டுகள் எல்லாம் மறந்துபோகும். வீட்டிலுள்ள எல்லா ரிமோட்டையும் மடியில் வைத்துக்கொண்டு ஒரே அமர்வில் ஒவ்வொன்றாக அழுத்துங்கள். 'புதுச் சாவி பழையதைக் கெடுத்துவிட்டது' என்று வரும் புகார்களில் நிறைய இதனால்தான்.

இவை எதுவும் ஒத்துவராத வண்டிகளே இப்போது அதிகம். அவற்றுக்கு ஓபிடி போர்ட்டில் (காரின் கோளாறு அறியும் கருவியை மாட்டும் இணைப்பு) மாட்டும் சாவிக் கருவி வேண்டும், பல மாடல்களுக்கு இம்மொபிலைசரின் (சிப்பைச் சரிபார்த்து இன்ஜினை ஓடவிடும் அமைப்பு) பின் எண்ணும், அதாவது ரகசியக் குறியீட்டு எண்ணும் வேண்டும். சாவியோடு இலவசமாகத் தரும் மலிவான ப்ளூடூத் ஓபிடி டாங்கிள், இன்ஜின் கோளாறுக் குறியீடு படிக்கத்தான் பெரும்பாலும் உதவும். சாவி சேர்க்க அதை நம்ப வேண்டாம். பின் எண்ணைத் தவறாகச் சில முறை அடித்தால் இம்மொபிலைசர் சிறிது நேரம் பூட்டிக்கொள்ளும். அப்போது ஊகித்து ஊகித்து அடிப்பவரை உடனே நிறுத்துங்கள்.

வீட்டுக்கே வந்து சாவி போட்டுத் தருபவர்களில் திறமையானவர்கள் உண்டு. ஆனால் இந்தப் பதிவுக்குக் காரணமான சம்பவத்தில் வந்தவர் சாவி சேர்ப்பதற்குப் பதில் 'எல்லாம் அழி' என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அலமாரியில் இருந்த நல்ல சாவியையும் செத்ததாக்கிவிட்டுப் போனார். அதை மறுபடி சேர்க்கத் தனிக் கட்டணம் கேட்டார். வேலை தொடங்கும் முன்பே ஸ்கேனர் திரையில் 'பதிவான சாவிகள்' எண்ணிக்கையைக் காட்டச் சொல்லிப் படம் எடுங்கள். முடிந்த பிறகும் எடுங்கள். இரண்டு இருந்தது, ஒன்று சேர்த்தால் மூன்று. உங்கள் கையில் மூன்று சாவி, திரையில் நான்கு என்றால் நான்காவது எங்கே என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பழைய கார் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். தொலைந்த சாவியையோ முந்தைய உரிமையாளரிடம் தங்கிய சாவியையோ நீக்கத்தான் 'எல்லாம் அழி' இருக்கிறது, அப்போது கையிலுள்ள எல்லாச் சாவியும் அங்கே இருக்க வேண்டும். வேலை நடுவில் காரின் பேட்டரி சரிந்து எழுதுவது பாதியில் நின்றால், அடுத்து வரும் வசனம் "ஈசியு (காரின் கட்டுப்பாட்டுக் கணினி) போச்சு, மாத்தணும்". ஒத்துக்கொள்ளாதீர்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்து மறுபடி முயன்று, வேறொருவரும் படித்துப் பார்த்த பிறகே அந்தப் பேச்சு.

சோதிப்பதில் ஒரு தந்திரத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். பழைய சாவியும் புதுச் சாவியும் ஒரே வளையத்தில் தொங்க, புதுசைப் போட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டுவார்கள். காயில் படித்தது பக்கத்தில் தொங்கும் பழைய சாவியின் சிப்பை! பழைய சாவியை வண்டியிலிருந்து நன்றாகத் தள்ளி, வீட்டுக்குள் வைத்துவிட்டு வாருங்கள். புதுச் சாவியிலிருந்து பட்டன் பேட்டரியைக் கழற்றுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டியானால் பிரேக்கை மிதித்தபடி சாவியை ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிப் பிடியுங்கள்; சில மாடல்களில் அதற்கென்று தனிக் குழி இருக்கும், கையேட்டில் பாருங்கள். பேட்டரி இல்லாமல் ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிடம் நிற்காமல் ஓடினால்தான் சிப் பதிந்தது என்று அர்த்தம். பிறகு பேட்டரியைப் போட்டு ரிமோட்டைத் தனியாகச் சோதியுங்கள். சிஆர்2032 கேட்கும் சாவியில் சிஆர்2025 போட்டிருந்தால் அது 0.7 மில்லிமீட்டர் மெலிசு. இன்று தொடும், நாளை விட்டுவிட்டுத் தொடும்.

பிளேடை மறக்காதீர்கள். ஸ்மார்ட் சாவிக்குள் ஒளிந்திருக்கும் அவசர பிளேடை வெட்டாமலேயே கொடுத்துவிடுகிறார்கள். கார் பேட்டரி இறங்கிய அன்று கதவைத் திறக்க அதுதான் ஒரே வழி. ஓட்டுநர் கதவுப் பூட்டில் போட்டுத் திருப்பிப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

பழைய சாவியின் சிப்பைப் புது ஓட்டுக்கு மாற்றிச் செலவைக் குறைக்க நினைப்பவர்கள் கவனமாக இருங்கள். கண்ணாடிக் குழாய் வடிவச் சிப் ஸ்க்ரூ டிரைவர் நுனி பட்டாலே உடையும். ஓட்டைப் பிளந்து, சிப்பைச் சாய்த்து விழவிடுங்கள், நெம்பாதீர்கள்.

வாங்குவதாக முடிவெடுத்தால் விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: அலைவரிசை, சிப் வகை, போர்டு எண், புதியதா அழித்துப் புதுப்பித்ததா, உங்கள் மாடலுக்குக் கருவி இல்லாமல் சேருமா, அதற்கு வேலை செய்யும் சாவி எத்தனை வேண்டும். வாகன அடையாள எண்ணும் பதிவுச் சான்றின் படமும் கேட்டால், எதற்கு என்று கேளுங்கள். பின் எண்ணை முகவரியோடு சேர்த்து யாருக்கும் அனுப்பாதீர்கள். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். ஓட்டைத் திறந்து போர்டு எண்ணையும் சிப்பையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் காரில் பதியுங்கள். பூட்டிக்கொள்ளும் வகைச் சாவியை ஒருமுறை பதித்துவிட்டால் 'பயன்படுத்திய பொருள்' என்று சொல்லித் திரும்ப வாங்க மறுத்துவிடுவார்கள்.