‘யாம்’ இளையோர் மனநலத் திட்டம்: ஐந்து மணி நேரத்தில் என்ன கிடைக்கிறது, எங்கே சறுக்குகிறது

பள்ளிகளுக்கான மனநலத் திட்டங்கள் இன்று ஏராளம். மூச்சுப்பயிற்சி, ஒருநாள் முகாம், செயலி, ஆசிரியர் பயிற்சி என்று ஒவ்வொன்றும் ஒரு வாக்குறுதியோடு நிர்வாகத்தின் மேசைக்கு வந்துசேர்கிறது. ஆனால் தற்கொலை முயற்சிகள் குறைகின்றனவா என்று பெரிய ஆய்வொன்றில் நேரடியாகச் சோதிக்கப்பட்டவை மிகச் சில. ‘யூத் அவேர் ஆஃப் மென்டல் ஹெல்த்’, சுருக்கமாக ‘யாம்’, அந்தச் சிலவற்றில் ஒன்று. 13 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்களுக்காக ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா கழகமும் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியது. என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கொண்டுவரத் தகுந்த திட்டம்தான். ஆனால் வகுப்பறைக்கு வெளியே உதவிக்கு ஆள் இல்லாத பள்ளி இதைத் தொடங்கக் கூடாது.

கையில் கிடைப்பது என்ன என்று பார்த்தால் பொருள் குறைவுதான். மாணவர் வீட்டுக்கு எடுத்துப்போக 32 பக்கக் கையேடு, வகுப்பறைச் சுவரில் ஒட்ட ஆறு சுவரொட்டிகள், தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு மணி நேரக் கலந்துரையாடல், நடுவில் மூன்று மணி நேரம் நடித்துப் பார்க்கும் பயிற்சி. மொத்தம் ஐந்து மணி நேரம், சில வாரங்களில் பரப்பி நடத்தப்படுவது. மனநலம் என்றால் என்ன, தனக்குத்தானே உதவிக்கொள்வது எப்படி, நெருக்கடியும் மன அழுத்தமும், மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும், தவிக்கும் நண்பருக்குக் கைகொடுப்பது, யாரை அணுகுவது என்று ஆறு தலைப்புகள். தலைப்புகளில் புதுமை எதுவும் இல்லை. எந்த விழிப்புணர்வுத் துண்டுப்பிரசுரத்திலும் இதே பட்டியலைப் பார்க்கலாம். இதைத் தனித்து நிறுத்துவது நடத்தும் முறை.

வகுப்பை நடத்துபவர் அந்தப் பள்ளியின் ஆசிரியர் இல்லை. வெளியிலிருந்து வரும் பயிற்சி பெற்ற பயிற்றுநர் ஒருவர், அவரோடு ஓர் உதவியாளர். இது வசதிக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைத்துப் பல நிர்வாகங்கள் ‘எங்கள் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுத்துவிடுங்களேன், செலவு மிச்சம்’ என்று கேட்கின்றன. அங்கேதான் திட்டத்தின் உயிர் போகிறது. நாளைக்கு மதிப்பெண் போடப்போகிறவர், அப்பாவை அழைத்துவரச் சொல்லும் அதிகாரம் உள்ளவர் எதிரில் நிற்கும்போது எந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையும் தன் தோழி கையைக் கீறிக்கொள்கிறாள் என்று வாய் திறக்காது. ‘யாம்’ அல்லாத வேறொரு திட்டத்திலும் இது தெளிவாகவே தெரிந்தது. பீகாரில் 74 பள்ளிகளில் நடந்த ‘சேஹெர்’ ஆய்வில் ஒரே திட்டத்தை ஒரு குழுவுக்கு உள்ளூரில் பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் நடத்தினார்கள், இன்னொரு குழுவுக்கு ஆசிரியர்கள் நடத்தினார்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் பள்ளிச் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வு அறிகுறிகளும் வம்பிழுப்பும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. அந்த ஆலோசகர்கள் பட்டம் பெற்ற மனநல நிபுணர்களும் இல்லை என்பதைக் கவனியுங்கள். படிப்பைவிட, அந்த வேலைக்கென்றே ஓர் ஆள் இருப்பதுதான் கணக்கில் வருகிறது.

நடித்துப் பார்க்கும் மூன்று மணி நேரம்தான் திட்டத்தின் முதுகெலும்பு. ஒரு சூழலைக் கொடுத்து, மாணவர்களே பாத்திரமேற்று, வெவ்வேறு வழிகளில் பேசிப் பார்க்கிறார்கள். உதாரணத்துக்கு, ஒருத்தி இரவில் தோழிக்கு ‘நான் இல்லாட்டி எல்லாருக்கும் நிம்மதி. யார்கிட்டயும் சொல்லாத, சத்தியம் பண்ணு’ என்று செய்தி அனுப்புகிறாள். மறுநாள் இருவரும் சந்திக்கிறார்கள். முதல் முறை நடிக்கும்போது தோழியாக நடிப்பவர் பெரும்பாலும் ‘ஏய், அதெல்லாம் ஒண்ணும் இல்ல, சரியாயிடும்’ என்றுதான் சொல்வார். எதிரில் இருப்பவருக்கு அதற்கு மேல் பேச எதுவும் இருக்காது, காட்சி அப்படியே நின்றுபோகும். நல்ல பயிற்றுநர் இங்கே குறுக்கிட்டுச் சரியான பதிலைச் சொல்லிக்கொடுக்க மாட்டார். ‘அதைக் கேட்டதும் உனக்கு என்ன தோணுச்சு?’ என்று எதிர்ப்பாத்திரத்தைக் கேட்பார். அடுத்த சுற்றில் வேறொருவர் ‘எப்போலேர்ந்து இப்படி இருக்கு?’ என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருப்பார். மூன்றாவது சுற்றில்தான் சத்தியத்தை உடைப்பது எப்படி என்ற உண்மையான சிக்கல் மேலே வரும். ‘இத என்னால தனியா வெச்சுக்க முடியாது. வா, ரெண்டு பேரும் சேர்ந்தே போய்ச் சொல்லலாம்’ என்ற வாக்கியத்தை ஒரு பிள்ளை தன் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டால், தேவைப்படும் நாளில் அது நாக்கில் வரும். கையேட்டில் படித்த வாக்கியம் அப்படி வருவதில்லை.

இனி சான்று. ‘செய்லே’ என்ற பெயரில் 10 ஐரோப்பிய நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியானது. தனுதா வாசர்மன் தலைமையிலான குழு மூன்று அணுகுமுறைகளைச் சோதித்து, சுவரொட்டி மட்டும் ஒட்டப்பட்ட பள்ளிகளோடு ஒப்பிட்டது. 12 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது ஒப்பீட்டுப் பள்ளிகளில் 1.51 சதவீதம் பேர் புதிதாகத் தற்கொலைக்கு முயன்றிருந்தார்கள். ‘யாம்’ நடந்த பள்ளிகளில் 0.70 சதவீதம். ஆயிரம் பேருக்கு 15 என்பது 7 ஆனது என்று வைத்துக்கொள்ளலாம். கடுமையான தற்கொலை எண்ணமும் ஏறத்தாழ அதே அளவில் குறைவாக இருந்தது: ஒப்பீட்டுப் பள்ளிகளில் 1.37 சதவீதம், ‘யாம்’ பள்ளிகளில் 0.75 சதவீதம்.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். 3 மாத முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. பலன் ஓராண்டில்தான் தெரிந்தது. ஆகவே கடைசி வகுப்பு முடிந்த மறுநாள் ‘பிடித்திருந்ததா?’ என்று கருத்துப்படிவம் கொடுத்து, அதை வைத்து அடுத்த ஆண்டு தொடர்வதா வேண்டாமா என்று தீர்மானிப்பது அர்த்தமற்றது.

அதே ஆய்வில் சோதிக்கப்பட்ட மற்ற இரண்டும் ஏன் தேறவில்லை என்பது பள்ளிகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது, ஏனெனில் நடைமுறையில் அதிகம் வாங்கப்படுபவை அவைதான். ஒன்று, ‘க்யூ.பி.ஆர்.’ எனப்படும் ஆசிரியர் பயிற்சி. மாணவரிடம் நேராகக் கேள், உதவி பெறச் சம்மதிக்க வை, உரியவரிடம் அனுப்பு என்பது அதன் சுருக்கம். மற்றொன்று, வினாத்தாள் கொடுத்து ஆபத்தில் உள்ளவர்களைக் கண்டறிந்து மனநல நிபுணரிடம் அனுப்புவது. இரண்டிலும் முயற்சிகள் குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. வினாத்தாளில் அடையாளம் காணப்பட்டவர்களில் கணிசமானோர் நிபுணரைச் சந்திக்கவே வரவில்லை. கண்டுபிடிப்பது ஒரு வேலை, கதவுவரை கூட நடப்பது வேறு வேலை. அந்த இரண்டாவது வேலையை யார் செய்வார் என்று எழுதிவைக்காத திட்டம் எதுவானாலும் இங்கேதான் விழும்.

‘யாம்’ எங்கே கெடுகிறது? முதல் எதிரி டைம்டேபிள். தேர்வு நெருங்குகிறது என்று ஐந்து வகுப்புகளையும் இரண்டு நாட்களில் அடைத்துவிடுவார்கள். இடைவெளி இருப்பதற்குக் காரணம் உண்டு: வகுப்பில் கேட்டதை வீட்டிலும் நண்பர்களிடமும் பேசிப் பார்த்து, அடுத்த வாரம் ஒரு கேள்வியோடு திரும்பி வருவதற்கான நேரம் அது. அடுத்தது கூட்டம். மூன்று பிரிவுகளை அரங்கில் ஒன்றாக உட்காரவைத்தால் ஒலிவாங்கி தேவைப்படும். ஒலிவாங்கி வந்தவுடன் அது சொற்பொழிவு. துணிச்சலான நான்கு பேர் மேடையில் நகைச்சுவை நாடகம் போடுவார்கள், மற்றவர்கள் கைதட்டுவார்கள். ஒரு வகுப்பு, ஒரு அறை, நாற்காலிகள் வட்டமாக. அதைத் தாண்டக் கூடாது.

நடிப்பில் ஓர் எல்லைக்கோடும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் காட்சியை நடிக்கவிடக் கூடாது. எந்த முறை, எந்த இடம் என்ற பேச்சு எழுந்தால் பயிற்றுநர் உடனே திசைதிருப்ப வேண்டும். தற்கொலையைப் பற்றிக் கேட்டாலே அந்த எண்ணம் வந்துவிடும் என்ற பெற்றோர் பயத்துக்கு ஆதாரம் இல்லை. அதைக் கூட்டம் போட்டு முன்னரே அவர்களிடம் விளக்கிவிடலாம். ஆனால் முறைகளை விவரிப்பது வேறு. அது உண்மையாகவே ஆபத்தானது.

வகுப்பு நடந்த வாரத்தில் யாராவது ஒரு பிள்ளை வந்து சொல்லும். சொல்ல வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும். அந்த நேரத்துக்கான ஏற்பாடு முதல் வகுப்புக்கு முன்பே தாளில் இருக்க வேண்டும். கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. பொறுப்பாளர் ஒருவர், அவர் விடுப்பில் இருந்தால் இன்னொருவர், இருவர் பெயரும் மாணவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ‘சாகணும்னு தோணுதா? எப்படின்னு யோசிச்சு வெச்சிருக்கியா?’ என்று சுற்றிவளைக்காமல் கேட்கத் தெரிந்தவராக அவர் இருக்க வேண்டும். ஆம் என்றால் அந்தப் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது, கழிப்பறைக்குப் போனாலும் வெளியே ஒருவர் நிற்க வேண்டும். பெற்றோரை அழைத்து, வீட்டில் உள்ள மாத்திரைகள், பூச்சிக்கொல்லி போன்றவற்றைப் பூட்டச் சொல்ல வேண்டும். ஆபத்தே வீட்டில்தான் என்றால் குழந்தைப் பாதுகாப்பு அமைப்பை அணுக வேண்டும். அன்றைக்கே மனநல மருத்துவரோ அவசர சிகிச்சைப் பிரிவோ பார்த்தாக வேண்டும். மறுநாள் காலை பொறுப்பாளர் தானாகவே போய் விசாரிக்க வேண்டும். கடைசிப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். சொன்ன பிறகு யாரும் திரும்பிக் கேட்கவில்லை என்றால் அந்தப் பிள்ளை இரண்டாவது முறை சொல்லாது.

ரகசியம் பற்றியும் பொய் வாக்குறுதி வேண்டாம். ‘எதுவானாலும் யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று பயிற்றுநர் சொல்லவே கூடாது. ‘உன் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் சொல்வேன், அதையும் உன்னிடம் சொல்லிவிட்டே சொல்வேன்’ என்பதே நேர்மையான பேச்சு.

கையேட்டின் உதவி எண்கள் இன்னொரு பலவீனம். அச்சடித்த பிறகு எண்கள் மாறுகின்றன, நிதி நின்று சேவைகள் மூடப்படுகின்றன. பட்டியலில் உள்ள ஒவ்வொரு எண்ணையும் பள்ளி முடியும் மாலை நேரத்தில் ஒருமுறை, இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை அழைத்துப் பாருங்கள். எடுக்காத எண்ணை அடித்துவிடுங்கள். எடுப்பவர் ‘பெற்றோரை அழைத்துக்கொண்டு வா’ என்று மட்டும் சொல்பவராக இருந்தால் அதையும் அடித்துவிடுங்கள். மூன்று எண்கள் வேலை செய்தால் போதும். வேலை செய்யாத பத்து எண்கள், உதவி கேட்பது வீண் என்றுதான் கற்றுக்கொடுக்கும்.

வராத மாணவர்கள் பற்றித் திட்டத்தில் போதிய கவனம் இல்லை என்பது என் முக்கியமான குறை. அந்த வாரம் பள்ளிக்கு வராதவர்கள், இடைநின்றவர்கள், வேலைக்குப் போய்விட்டவர்கள்தான் பெரும்பாலும் அதிக ஆபத்தில் இருப்பவர்கள். ஐந்து மணி நேர வகுப்பறைத் திட்டம் அவர்களைத் தொடுவதே இல்லை. குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்தில் 124 கிராமங்களுக்கென வகுத்த ‘ஸ்பிரிட்’ திட்டம் இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமானது. பள்ளியில் ‘யாம்’, அதோடு கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி, பூச்சிக்கொல்லிகளை வீட்டுக்கு வெளியே பொது இடத்தில் பூட்டிவைக்கும் கிடங்கு என்று மூன்றையும் சேர்த்தார்கள். நஞ்சு கைக்கெட்டாமல் இருப்பது எவ்வளவு பெரிய காப்பு என்பதற்கு இலங்கையே சாட்சி. 1995-க்குப் பிறகு கொடிய பூச்சிக்கொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதைத் தொடர்ந்து அங்கே தற்கொலை விகிதம் பெருமளவு சரிந்தது.

பதினெட்டைத் தாண்டியவர்களுக்கு ‘யாம்’ பொருந்தாது. 12 முதல் 25 வயது வரை ஒரே வாசலில் மனநலம், உடல்நலம், போதைப் பழக்கம், வேலை, படிப்பு எல்லாவற்றுக்கும் உதவும் மையங்களை, 2006-இல் நிறுவப்பட்ட ஆஸ்திரேலியாவின் ‘ஹெட்ஸ்பேஸ்’ அமைப்பு நடத்துகிறது. அந்த மாதிரி நல்ல மாதிரி. ஆனால் ஓரிரு முறை வந்து நின்றுவிடுபவர்கள் அதிகம், காத்திருப்பும் நீளம். மூச்சுப்பயிற்சி, மனஒருமைப்பாடு வகுப்புகளை மட்டும் நம்பி இறங்க நினைக்கும் பள்ளிகள் பிரிட்டனின் ‘மிரியாட்’ ஆய்வைப் பார்க்க வேண்டும். 85 பள்ளிகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் சோதித்து 2022-இல் வெளியிட்ட முடிவில், வழக்கமான சமூக-உணர்வுக் கல்வியைவிட அது மேலாக எதையும் தரவில்லை.

‘யாம்’ நடத்த முன்வரும் அமைப்பிடம் கையெழுத்துப் போடும் முன் சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். பயிற்றுநரின் சான்றிதழ். உதவியாளர் உண்டா, இல்லை ஒருவரே வருவாரா? ஐந்து வகுப்புகளுக்கும் ஒரே ஆள்தானா? இடையில் ஆள் மாறினால் பிள்ளைகள் மறுபடி முதலிலிருந்து நம்பத் தொடங்க வேண்டும். அன்று வராத மாணவர்களுக்கு மறுவகுப்பு உண்டா? வகுப்பின்போது ஒரு பிள்ளை உடைந்து அழுதால் யார் வெளியே அழைத்துப்போவார், யார் மற்றவர்களோடு இருப்பார்? இந்தக் கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராத அமைப்பை அனுப்பிவிடுங்கள்.